பல்லில் பட்ட ஸ்பேனர்

தைப்பூசக் காவடிக்கு மாலை போட்டு விரதம் இருந்த நான், ஒரு மனிதனின் பல்லை உடைத்தேன்.

எஸ்டேட்டில் லோரி ஓட்டுகிறேன். என் பழைய காருக்கு ரேஸ் இன்ஜின் போட்டுத் தந்தவன் ரிங்லெட் என்ற மலையூரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் குமார். ஒரு மாதம் கழித்து, காலைக் குளிரில் இன்ஜின் டக் டக்கென்று அடித்தது. நேரே பட்டறைக்குப் போனேன்.

"வால்வத் தூக்குற லிஃப்டர பழசா போட்டு ஏமாத்திட்டியேடா."

"எண்ணெய் மாத்துனீங்களாண்ணே?"

"எங்கிட்டயே கேள்வியா?"

கையில் கிடைத்த ஸ்பேனரால் அவன் வாயில் ஓங்கி அடித்தேன். விழுந்தவனை மிதித்தேன்.

அவன் எழுந்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினான். எண்ணெய் கூழாக ஒட்டியிருந்தது.

"இது லோரிக்கு ஊத்துற கெட்டி எண்ணெய்ண்ணே. இந்தக் குளிர்ல லிஃப்டருக்குள்ள சீக்கிரம் ஏறாதுலா."

லோரிக்குப் போக மிஞ்சியதை வீணாக்காமல் ஊற்றியவன் நான்தான்.

ரத்தம் வழிய அவனே லேசான எண்ணெய் மாற்றினான். சத்தம் நின்றது. காலில் விழப் போனேன்.

"மாலையோட விழாதீங்கண்ணே" என்று விலகிக்கொண்டான்.

மாலையைக் கழற்றி முருகன் காலடியில் வைத்தேன். அந்த வருடம் காவடி எடுக்கவில்லை.

இன்றும் குளிரில் ஸ்டார்ட் செய்தால் முதல் நொடி இன்ஜின் லேசாகத் தட்டும். எனக்கு அது அவன் பல்லில் ஸ்பேனர் பட்ட சத்தமாகவே கேட்கிறது.