அகோல்கோவின் பர்கினாத் தக்காளி

அகோல்கோவின் தக்காளிக்கு ஒரே ஒரு குறைதான். அது கானாவில் விளைந்தது.

வடக்கே போல்காவில், அணைத் தண்ணீரை நம்பிப் பதினெட்டு வருடமாகத் தக்காளி போடுகிறார். போன வருடம் ஒரு லாரி நிறைய ஏற்றிக்கொண்டு தெற்கே குமாசி நகரச் சந்தைக்குப் போனார். அங்கே தக்காளி அரசி தலையசைக்காமல் ஒரு பெட்டியும் இறங்காது. அரசி என்றால் கிரீடம் எல்லாம் இல்லை. வியாபாரிப் பெண்கள் கூடித் தேர்ந்தெடுத்த போக்குவா அம்மாள்.

"நம்ம ஊர்ப் பழம் கொழகொழன்னு போயிரும்ப்பா. எல்லைக்கு அந்தப் பக்கத்து பர்கினாப் பழந்தான் கல்லு மாதிரி நிக்கும். நீ ஓரமா நில்லு" என்றார்.

மூன்று நாள் வெயிலில் ஓரமாக நின்றதில் அவர் வாக்கு பலித்தது. அவ்வளவையும் சாக்கடையில் கொட்டிவிட்டு அகோல்கோ ஊர் திரும்பினார்.

இந்த வருடமும் அப்படி ஆனால் குத்தகை நிலம் கையை விட்டுப் போய்விடும். ஆகவே, தன் தக்காளிக்குக் குடியுரிமை மாற்றினார். எல்லை தாண்டிப் போய், பர்கினா எண் பலகையோடு ஒரு லாரியும், அந்த நாட்டு மரப்பெட்டிகளும் வாடகைக்குப் பிடித்து வந்தார். 'போன்ஜூர்' என்ற பிரெஞ்சு வணக்கமும் கற்றுக்கொண்டார். அது இலவசம்.

தன் பழத்தையே அந்த லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவருக்குக் குமாசியில் வரிசையே இல்லை. போன வருடத்து முகம் போக்குவா அம்மாளுக்கு நினைவில்லை; ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்தார்.

"பாத்தீங்களாடி, பழம்னா இது! அந்த மண்ணே தனி."

"போன்ஜூர்" என்றார் அகோல்கோ அடக்கமாக.

அந்த நேரம் பார்த்து விவசாய அதிகாரி ஒருவர் கேமராக்களோடு வந்து இறங்கினார். 'நம் தக்காளியையே உண்போம்' வாரமாம். படம் பிடிக்க உள்ளூர்த் தக்காளி வேண்டும். சந்தையில் மருந்துக்குக்கூட இல்லை. போக்குவா அம்மாள் கூசாமல், 'போல்காப் பழம்' என்று அகோல்கோவின் லாரியைக் காட்டினார். யாரோ எண் பலகை மேல் துணியைத் தொங்கவிட்டார்கள்.

"இதோ, நமது போல்கா மண்ணின் தக்காளி!" என்று அதிகாரி முழங்கினார். அந்தத் தக்காளியைப் பற்றி அரசாங்கம் சொன்ன முதல் உண்மை அது.

சுற்றி நின்ற சோற்றுக்கடைப் பெண்கள் பெட்டியிலிருந்து கையை எடுத்தார்கள். அகோல்கோ ஓடிவந்து பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"அய்யோ தாயி, இது பர்கினா! எங்கப்பன் மேல சத்தியம்!"

சோற்றுக்கடை அட்வோவா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீ ஏன்ப்பா பதறுற? சொல்றது யாரு, கவர்மெண்டு ஆளு. அவரு நம்ம ஊர்துன்னா கண்டிப்பா அது வெளியூர்துதான். எனக்கு ரெண்டு பெட்டி எடுத்து வை."

"எனக்கு நாலு!"

கேமராக்களை மூட்டை கட்டுவதற்குள் லாரி காலி.

போக்குவா அம்மாள் அகோல்கோவின் தோளில் தட்டினார். "அடுத்த வாரமும் இதே தோட்டத்துப் பழத்தையே கொண்டா. நம்மூர்க்காரனுக மாதிரி ஏமாத்திராத, என்ன?"

திரும்பும் வழியிலேயே அகோல்கோ முடிவு செய்துவிட்டார்: போல்காவில் இன்னும் ஓர் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, அதிலும் பர்கினாத் தக்காளியே போடுவதென்று.