மஞ்சளுக்குப் பயந்த ஜுனைதீன்

வரம்பில் குந்தியிருந்து நெற்பயிரின் அடியிலைகளைப் புரட்டிப் பார்க்கிறார் ஜுனைதீன். ஓர் இலை நுனி வெளுத்திருந்தாலும் போதும், இடுப்பில் சொருகிய சொப்பிங் பையிலிருந்து ஒரு பிடி யூரியாவை அள்ளி, மனைவி உம்மு குல்சூம் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு எறிவார். "பிள்ளைக்கு ஊட்டுற மாதிரியெல்லே ஊட்டுறார்" என்பது மனைவியின் முறைப்பாடு.

ஆனாலும் மறிச்சுக்கட்டிக் கிராமத்தில் அவரைப் பழிக்க யாருக்கும் மனம் வராது. யூரியா முதலான இரசாயனப் பசளைக்குத் தடை வந்த வருடம் வயல் முழுக்க மஞ்சளித்து, நெல்லில் பாதி பதராகப் போனது. அன்றிலிருந்து யூரியாவைக் கண்டால் விடமாட்டார். போன பெரும்போகத்தில் கண்மண் தெரியாமல் கொட்டியதில் பயிர் மதமதவென்று வளர்ந்து, ஒரே காற்றில் படுத்துவிட்டது. இந்தப் போகமும் கைவிட்டால் வயலைக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

பசளைக் கொள்கை பற்றி விவசாயிகளின் கருத்தைக் கேட்கக் கமநல நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். மண்ணைப் பரிசோதித்துத் தேவையானதை மட்டும் போடச் சொன்னார் உத்தியோகத்தர் விஜிதா. கூட்டமென்றால் கடைசிக் கதிரையில் தூங்குகிற ஜுனைதீன் எழும்பினார்.

"குறைக்கச் சொல்றீங்க மிஸ். ஓம், குறைக்கிறன். நாளைக்குப் பயிர் மஞ்சளிச்சா, அப்பவும் பசளை இருக்குமெண்டு ஆர் சொல்றது? அது தெரியாமத்தானே இண்டைக்கே கொட்டுறம்."

பலர் தலையாட்டினார்கள். விஜிதா பதிவுப் புத்தகத்தை எடுத்தார். "சரி நானா. உங்கட பங்கில பாதியை இப்பப் போடுங்கோ. மிச்ச மூடை உங்கட பேரில இங்கயே இருக்கும். வேணுமெண்டா வந்து எடுங்கோ."

அதன்பிறகு நிலையத்துக்கு ஒரு விருந்தாளி கூடிவிட்டார். பஸ்ஸில் வந்திறங்கி, களஞ்சியத்தில் மூடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சும்மா, சுகம் பாக்க வந்தனான்" என்பார். மூடை இருந்த இடத்திலேயே இருந்தது. பயிரும் மஞ்சளிக்கவில்லை. கதிர் வந்ததும் ஒரு நெல்லை நசுக்கினார்; பால் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது. அன்று பகல் முழுக்கத் தூங்கினார்.

மறுநாள் நிலையத்தில், பிந்தி விதைத்த நல்லையா வெளுத்த இலையோடு நின்றார். பசளை லொறி இன்னும் வந்திருக்கவில்லை.

"என்ர மூடையைக் கொண்டுபோங்கோ" என்றார் ஜுனைதீன்.

"அப்ப உங்களுக்கு?"

"லொறி வரும்தானே."

தானே மூடையைத் தூக்கிவந்து நல்லையாவின் சைக்கிளில் ஏற்றினார். கயிறு கட்டி முடியும்வரை அது சரியாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றார்.