கடைசிப் பாட்டின் முனகல்

‘தை மாதம், பசியாவரம் படகு’ என்கிறது என் குறிப்பு. அன்று கேட்டது, யாரும் அதிகம் அறியாத ஒரு பழைய பிரிட்டிஷ் சைகடெலிக் ராக் ஆல்பம். அதன் கடைசிப் பாட்டில் ஆழமான ஒரு முனகல் கேட்கிறது என்று இணையத்தில் சில ரசிகர்களும், அப்படி எதுவுமே இல்லை என்று மற்றவர்களும் எழுதியிருந்தார்கள். படகில் செல்போனைப் பலகைமேல் வைத்துக் கேட்டேன். முனகல் எனக்கும் கேட்டது.

ஏரியில் மூங்கில் கழி ஊன்றிப் படகைத் தள்ளியவர் வெளுத்த மீசைக்காரர். பேச்சின் நடுவே நிறுத்தி, தண்ணீருக்குள் நிற்கும் கழியில் காது வைப்பார். மீன் சத்தம் கேட்டால் வலை வீசுவார். அந்த வாரம் முழுக்க வலையில் ஒன்றும் விழவில்லை. அன்று காது வைத்தவர் முகம் மலர்ந்தது.

“கத்தாழ மீனு கத்துது!” என்று வலையை எடுத்தார்.

“யண்ணா, அது சாரு போன்ல பாடுது!” என்று படகில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் சிரித்தாள்.

அவர் வலையைக் கீழே போட்டார். “இன்னா பாட்டு சார் இது? மீனாட்டமே கத்தி ஏமாத்துது. இன்னொரு தபா போடு.”

வீட்டில் அந்தப் பாட்டைப் பலமுறை கேட்டுவிட்டேன். முனகல் இல்லை. அன்று படகுக்கு அடியில் கத்தாழை மீன் இருந்ததா என்பது இன்னும் உறுதியாகவில்லை.