இரண்டு மீட்டர் மெலித்தோன்

விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் மெலித்தோன் சுல்கா பேசுவார். அதனால் அவர் யாரைக் கூப்பிட்டாலும் பாதி பெயராகவும் பாதி சீழ்க்கையாகவும் வெளியே வரும். "ருஃபினோ, பிரஷ் எங்கய்யா? வெறுங்கைய வீசிக்கிட்டு வர்றியே, மாமியா வீட்டு விருந்துக்கா வந்திருக்க?" ருஃபினோ பிரஷ்ஷை முதுகுப் பக்கம் இடுப்பில் செருகியிருந்தார். உருவிக் காட்டினார். மெலித்தோன் அதைப் பார்க்காதவர் போல அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. மறுநாள் அக்கோபாதா தொடக்கப் பள்ளி திறக்கிறது. விடுமுறை இரண்டரை மாதம் இருந்தது. அத்தனை நாளும் பள்ளிச் சுவர் எந்தப் பெற்றோரின் கண்ணிலும் படவில்லை. மழை அதன் வெள்ளையைக் கழுவி மண்ணைக் காட்டிவிட்டதும், மைதானத்தில் புல் முட்டி வரை வளர்ந்ததும் திறப்புக்கு முந்தின நாள்தான் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரியவரும். பெற்றோர் கூடிச் செய்யும் எட்டு மணிக் கூட்டுவேலை ஒன்பதரைக்குத் தொடங்கும். இடைப்பட்ட நேரம் கோக்கா இலை மெல்வதற்கும் இன்னும் வராதவர்களைத் திட்டுவதற்கும் சரியாக இருக்கும்.

மெலித்தோன் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் "இரண்டு மீட்டர்". பதினொரு வருடமாக அவர் கையில் இருக்கும் மூங்கில் கோல்தான் காரணம். "ரெண்டு மீட்டர். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்று அதைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். கல்யாணத்துக்குத் தைத்த பழுப்புக் கோட்டு, கழுத்தில் சிவப்புக் கம்பளி நூலில் விசில், காதுக்குப் பின்னால் பென்சில். கூட்டுவேலைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வரும் ஒரே மனிதர் அவர்தான். கோட்டில் இதுவரை ஒரு சொட்டுச் சுண்ணாம்பு பட்டதில்லை.

கோலுக்கு வேலை இதுதான். பள்ளியைச் சுற்றியுள்ள மண்சுவர் நூறு மீட்டர். சுவர் அளக்கும் பொறுப்பை அவர் ஏற்ற வருடம் பிள்ளைகள் ஐம்பது பேர். ஆக ஒரு பிள்ளைக்கு இரண்டு மீட்டர் சுவர். பெற்றவர்கள் வெள்ளையடிக்க வேண்டும். மெலித்தோனுக்குத் தெரிந்த கணக்குகளிலேயே இவ்வளவு அழகாக விழுந்த கணக்கு வேறில்லை. கோலைச் சுவரில் சாய்த்து வைத்து, பென்சிலால் கோடு போட்டு, "இது உன்னோடது" என்பார். கோட்டுக்கு இந்தப் பக்கம் அடித்தவர் அந்தப் பக்கம் ஒரு விரல்கூடத் தாண்ட மாட்டார்.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பட்டியல் வாசிப்பார்கள். பட்டியலில் இருப்பது பிள்ளைகளின் பெயர். பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டதும் அப்பாவோ அம்மாவோ "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் ஆற்று மணல் இரண்டு மூட்டை சுமந்துவந்து போட வேண்டும். ஒரு வருடம் ருஃபினோ தன் வலது கையைத் தனக்கும் இடது கையை அண்ணனுக்கும் தூக்கிவிட்டார். அண்ணன் அன்றைக்குப் பந்தாட்டம் பார்க்கப் போயிருந்தார். அதிலிருந்து மெலித்தோன் ஒரு சட்டம் கொண்டுவந்தார். "கை தூக்கினா செல்லாது. வாயத் தொறந்து சொல்லணும். மலை கேக்கணும்."

அளப்பவருக்கு வெள்ளையடிக்கும் வேலை கிடையாது என்பதும் அவரே கொண்டுவந்த சட்டம்தான். எனவே பதினொரு வருடமும் சுல்கா குடும்பத்தின் பங்கை அடித்தவர் அவருடைய மனைவி எவுலோகியா. மெலித்தோன் பக்கத்தில் நின்று, கோட்டுப் பையில் கைவிட்டபடி, "அங்க ஒரு திட்டு விட்டுப்போச்சு பாரு" என்று சுட்டிக்காட்டுவார். சுண்ணாம்பில் சேர்க்கும் சப்பாத்திக்கள்ளிச் சாறு சரியாக ஊறியிருக்கிறதா என்பதை மட்டும் ஒரு விரலை விட்டுப் பார்ப்பார். கோழை மாதிரி நூல்விட வேண்டும், அப்போதுதான் சுண்ணாம்பு மழைக்கு நிற்கும். பிறகு அந்த விரலை எவுலோகியாவின் சால்வை முனையில் துடைத்துக்கொள்வார்.

இந்த வருடம் ஒரு சிக்கல். அவருடைய கடைக்குட்டி யெனி டிசம்பரில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டாள். மூத்தவர்கள் இருவரும் எப்போதோ முடித்தாயிற்று. பட்டியலில் சுல்கா என்று ஒரு பெயரும் இல்லை. யெனி இனிக் கீழே சந்தை ஊரில் உயர்நிலைப் பள்ளிக்குப் போவாள். மெலித்தோன் போன வாரமே அங்கே போய், கூட்டுவேலை என்றைக்கு என்று விசாரித்துவிட்டு வந்தார். செங்கல் சுவர், பெயின்ட் அடித்தது. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. பிள்ளைய விட்டுட்டுப் போங்க, போதும்" என்றார் அங்கிருந்த எழுத்தர். ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்ததைப் போல மெலித்தோன் இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "விட்டுட்டுப் போகணுமாம்யா. ஆட்டுக்குட்டியா அது?"

இன்று காலை அவர் கோட்டை மாட்டியபோது எவுலோகியா போர்வையை விட்டு எழவில்லை.

"எங்க கெளம்பிட்டீக?"

"எங்கன்னு கேக்குறா பாரு. அளக்க வேண்டாமா?"

"நமக்கு அங்க பிள்ளையும் இல்ல, சுவரும் இல்ல. பதினோரு வருசத்துக்கும் சேத்து நான் இன்னிக்குத் தூங்கப் போறேன். கதவச் சாத்திட்டுப் போங்க."

ஆக, யாரும் கூப்பிடாமல், யாருடைய தகப்பனாகவும் இல்லாமல் வந்து நின்றார். காலைப் பட்டியலைப் பெற்றோர் சங்கத்தின் புதிய தலைவி நேலிதா வாசித்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய், சந்தையில் பாலாடைக்கட்டி விற்பவள், தராசில் கட்டைவிரல் வைக்காதவள் என்று பெயர் வாங்கியவள். நாற்பத்தேழு பெயரும் முடிந்தன. சுல்கா என்ற பெயர் வராது என்று தெரிந்தும் கடைசிப் பெயர் வரை மெலித்தோன் தொண்டையைச் செருமித் தயாராக வைத்திருந்தார். இங்கே தனக்கு இடமில்லை என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுவார்களோ என்று அவருக்கு உள்ளுக்குள் பயம். சொல்வதற்கு இடம் கொடுக்காமல் விசிலை ஊதிவிட்டுக் கோலைத் தூக்கினார்.

"தோன் மெலித்தோன், சிரமப்படாதீங்க" என்றாள் நேலிதா. மூத்தவர்களை அங்கே மரியாதைக்கு 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். அவள் கையில் மஞ்சள் நிற அளவு நாடா. தச்சரிடம் இரவல் வாங்கியது. "இந்த வருசம் நாடாவுல அளந்துடலாம்னு கூட்டத்துல முடிவு பண்ணியிருக்கு."

"நாடா மழையில சுருங்கும்மா."

"இது இரும்புங்க."

"இரும்பு வெயில்ல நீளும்."

பெண்கள் சிரித்தார்கள். நேலிதாவுக்கும் சிரிப்பு வந்தது. "சரி, உங்க கோலயும் வச்சே பாப்போம். ரெண்டும் ஒண்ணுன்னா நீங்களே அளங்க. நான் நாடாவத் திருப்பிக் குடுத்துடறேன்." இது நியாயமான பேச்சு. மறுக்க வழியில்லை. மெலித்தோன் கோலை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். ருஃபினோ வந்து கோலைப் பிடுங்கித் தரையில் கிடத்தினார். நேலிதா நாடாவை இழுத்தாள். குனிந்து பார்த்தாள். இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"ரெண்டு மீட்டர், பதிமூணு சென்டிமீட்டர்."

கோல் புத்தம் புதிது, பச்சைகூட முழுக்கக் காயவில்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். வருடாவருடம் அவர் புதுக் கோல் வெட்டியிருக்கிறார். பிள்ளை குறைந்த வருடமெல்லாம் அது ஓரிரு விரல் வளர்ந்திருக்கிறது. வருடாவருடம் பெற்றோர்களும் சுவர் நீண்டுகொண்டே போவதாக நொந்து, வயதாகிறது என்று தங்களைத் தாங்களே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ருஃபினோவுக்கு நான்கு பிள்ளைகள். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அடப்பாவி மனுசா! நாலு பேருக்கும் இத்தன வருசத்துக்கும் சேத்து அரை மீட்டருக்கு மேல கூட அடிச்சிருக்கேன். போன வருசம் முதுகு வலிக்குதுன்னு வைத்தியச்சியக் கூப்பிட்டு, வலிய அது இழுத்துக்கும்னு கினிப்பன்றிய வச்சுத் தேய்ச்சேனே. நல்ல கொழுத்த கினிப்பன்றி. தேய்ச்சத திங்கவும் கூடாது. வீணாப் போச்சு!"

"கொறைச்சிருந்தா திருட்டு" என்றார் மெலித்தோன். "நான் கூட்டித்தானே வச்சேன்? என் பங்கையும் அந்தந்த வருசக் கோலாலதான் அளந்தேன். எவுலோகியாவும் கூடத்தான் அடிச்சா."

"ஆமா, நீங்களா அடிச்சீங்க?" என்று ஒரு பெண் குரல் கொடுத்தது.

"எதுக்குங்க இந்த வேல?" என்றாள் நேலிதா. அவள் குரலில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம்.

மெலித்தோன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். விசில் இல்லாமல் அவர் பேசிக் கேட்டவர்கள் அங்கே குறைவு. "அம்பது பிள்ளைக்கு அளந்த சுவரு. பிள்ளைங்க கொறைஞ்சுபோச்சு, சுவரு கொறையல. சரியா அளந்தா கடைசியில ஆறு மீட்டர் நிக்கும். அந்த மூணு பிள்ளை எங்கடான்னு சுவரு கேக்கும். அத யாரு அடிக்கிறதுன்னு வருசா வருசம் அடிச்சுக்குவீங்க. கொறையுற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆளுக்கு ரெண்டு விரல் கூட வச்சா யாருக்கும் தெரியாது. தெரியலயே?"

"எந்த மூணு பிள்ளை?"

"வில்காவோட பசங்க ரெண்டு பேரு, லிமாவுக்குப் போனவங்க. அப்புறம்..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம் யெனி" என்றாள் நேலிதா.

சொந்த மகள் பள்ளி முடித்ததால் மிஞ்சிய இரண்டு மீட்டரையும் இந்த வருடக் கோலில் அவரே பங்கு வைத்து, நாற்பத்தேழு பேர் தலையிலும் சத்தமில்லாமல் ஏற்றியிருந்தார். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

நாடா அளந்தது. ஆளுக்குச் சுத்தமாக இரண்டு மீட்டர். மெலித்தோன் சொன்னபடியே ஆறு மீட்டர் மிஞ்சியது. அவர் சொன்னபடியே சண்டையும் வந்தது. மிஞ்சிய இடம் கழிப்பறைக்குப் பின்னால், சுவர் எப்போதும் ஈரம் கசியும் மூலையில், காஞ்சொறிப் புதருக்கு நடுவில். மணல் சுமக்கத் தவறியவர்கள் அடிக்கட்டும் என்றார் ஒருவர். ஒரே பிள்ளை உள்ளவர்கள் அடிக்கட்டும் என்றார் நான்கு பிள்ளைக்காரர். அப்படியே விட்டுவிடலாம், பள்ளித் திறப்புக்கு நாளைக்கு வரும் அதிகாரி கழிப்பறைக்குப் பின்னாலா போகப்போகிறார் என்றார் இன்னொருவர். ஒன்றேகால் மணி நேரம் இப்படிப் போனது. அந்த நேரத்தில் அந்த ஆறு மீட்டரை இரண்டு முறை அடித்திருக்கலாம்.

சண்டை ஓயவில்லை. ஆனால் மெலித்தோன் அங்கே இல்லை என்பதை முதலில் பார்த்தவள் நேலிதா. கழிப்பறை ஓரத்துக் கம்பியில் பழுப்புக் கோட்டு மடிப்புக் கலையாமல் தொங்கியது.

காஞ்சொறியைக் கோலாலேயே அடித்துச் சாய்த்துவிட்டு, யாருடைய வாளியையோ எடுத்துவைத்துக்கொண்டு அவர் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். அடித்துக்கொண்டிருந்தார் என்று மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். பிரஷ்ஷை முக்கியதும் வாளி விளிம்பில் வழித்துவிட வேண்டும் என்பதுகூடப் பதினொரு வருட மேற்பார்வையில் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தலைக்கு மேல் தூக்கி அடித்தார். கள்ளிச் சாறு கலந்த சுண்ணாம்பு நூல்நூலாக இறங்கி மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, சட்டைக்குள் போனது. வேடிக்கை பார்க்கப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"அங்க ஒரு திட்டு விட்டுப்போச்சு பாருங்க, தோன் மெலித்தோன்."

"சாறு நல்லா நூல்விடுதா? வெரல விட்டுப் பாத்தீங்களா?"

"எவுலோகியா அக்காவ எழுப்பிக் கூட்டியாங்கடி. இத அவ பாக்காம விட்டா பாவம்."

அவர் பிரஷ்ஷை மறுபடியும் வாளியில் முக்கினார். மதியம் உருளைக்கிழங்கும் காரச் சட்னியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நின்றபடியே தின்றுவிட்டு மறுபடியும் பிரஷ்ஷை எடுத்தார். மற்றவர்கள் பங்கு இரண்டு மணிக்கு முடிந்தது. அவருடையது நான்கரைக்கு. எட்டி நின்று பார்த்தால் அந்த ஆறு மீட்டர் மட்டும் அலையலையாக இருந்தது. ருஃபினோ அதைப் பார்த்துவிட்டு, கினிப்பன்றியை நினைத்தோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டே தன் பிரஷ்ஷால் மேல் விளிம்பை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார்.

மாலைப் பட்டியல். எல்லோரும் மைதானத்தில் நின்றார்கள். மெலித்தோன் கூட்டத்தில் நிற்கவில்லை. கோட்டை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு கேட் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். நேலிதா பெயர்களை வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் "இருக்கேன்", "இருக்கேன்" என்று குரல் எழுந்தது. நாற்பத்தேழாவது பெயரும் முடிந்தது. அவள் தாளை மடிக்கவில்லை. பேனாவை எடுத்து அடியில் ஏதோ எழுதினாள்.

"மெலித்தோன் சுல்கா."

பிள்ளைகளின் பெயருக்கு மட்டுமே குரல் கொடுத்துப் பழகிய கூட்டம் திரும்பிப் பார்த்தது. கேட்டின் அருகில் அவர் நின்றுவிட்டார். வாயைத் திறந்தார். மலை கேட்க வேண்டிய சத்தம் எதுவும் வரவில்லை. மறுபடியும் திறந்தார். பிறகு வலது கையை மெல்லத் தூக்கினார். முழங்கை வரை வெள்ளை.

"கை தூக்கினா செல்லாது, தோன் மெலித்தோன்!" என்று பின்வரிசையிலிருந்து ருஃபினோ கத்தினார்.

சிரிப்பு அடங்கிய பிறகும் அவர் கையை இறக்கவில்லை.