பூமி ஆடும் ஊர்க்காரி

கம்பெனியில் தகடு அழுத்தும் பெரிய பிரஸ் இயந்திரம் இறங்கியதும் தரை அதிர்ந்தது. அன்றுதான் வேலைக்குச் சேர்ந்து என் பக்கத்தில் நின்றிருந்தவள், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். சுவரோ கம்பமோ அருகில் இல்லாத வெட்டவெளியில் என்னை நிறுத்திவிட்டு, உள்ளே பார்த்து அவள் மொழியில் கத்தினாள். எல்லோரையும் வெளியே வரச் சொல்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா, பிரஸ் அடிச்சதுக்கே இப்டி ஓடினா லைன் எங்க உருப்படும்?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிருக்குப் பயந்து ஓடும்போதும் என்னைக் கூடவே இழுத்துப் போக ஒருத்தி இருக்கிறாளே என்று ஆச்சரியமாக இருந்தது.

அசாம் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ஒரகடத்தில் நானும் அவளும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். லைனில் பேசிப் பேசியே தமிழ் கற்றவள். செய்யாறு பக்கத்துக்காரியான என்னைவிட அவள் பேச்சில்தான் மெட்ராஸ் வாடை தூக்கலாக இருக்கும். தலைமாட்டில் எந்தப் பொருளையும் வைக்க விடமாட்டாள். அலமாரியைச் சுவரோடு கம்பி போட்டுக் கட்டினாள். "உங்க ஊர்ல மட்டும் ஏன்க்கா பூமி இப்படி ஆடுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கம்பெனி பஸ்ல ஏற்றப்போ பின்னாடி இருந்து தள்றாங்கல்ல? தள்றவன் ஜாலியா நிப்பான், கதவாண்ட நிக்கறவன்தான் நசுங்குவான். நம்ம நாட்டுக்குக் கீய கீற பாறை அப்டிதான் வடக்கால போயி முட்டிக்கினே கீது. முட்டி முட்டித்தான் இமயமலையே எழும்புச்சு. ரொம்ப நாள் இறுகிக் கெடந்த பாறை திடீர்னு நழுவுனா பூமி ஆடும். நீங்க பின்னாடி தள்றவங்க, நாங்க கதவாண்ட." இங்கே வரவே வராதா என்றேன். "வராதுன்னு சொல்ல முடியாது. எப்பயாச்சும் லேசா வரும்."

ஒருநாள் தேநீர் இடைவேளையில் அவள் ஊர்ப் பக்கம் நிலநடுக்கம் என்று செய்தி வந்தது. அவளுடைய சின்ன மகள் அங்கே பாட்டியிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். போன் போகவே இல்லை. சாயங்காலம் வரை அக்கா வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. நான் கும்பிடாத சாமியில்லை. ஒருவழியாக மகள் குரல் கேட்டது. மூங்கில் தட்டியில் மண் பூசித் தகரம் வேய்ந்த வீடு. நன்றாக ஆடியிருக்கிறது, விழவில்லை. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு ஊருக்கே திரும்பிப் போகப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"புள்ளைய இங்க கூட்டிட்டு வந்துடேன்க்கா. நான் பாத்துக்கறேன்." கெஞ்சினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"அதுக்கு அதான் ஊரு பாப்பா. ஆடறப்போ கையப் புடிக்க நான் அங்க இருக்கணும்."

இப்போதும் அதே அறையில்தான் இருக்கிறேன், தனியாக. போன வாரம் அவள் பக்கம் மறுபடி நிலநடுக்கம் என்று கைப்பேசியில் பார்த்தேன். காய்ச்சலோடு படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து கூப்பிட்டேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்றே பதில் வந்தது. வெகுநேரம் கழித்து எடுத்தாள். "நல்லா கீறோம் பாப்பா. காலைலேர்ந்து ஊரே போன் பண்ணுது. தோ, தங்கச்சி கூப்புட்றா, அப்பறம் பேசறேன்."

காய்ச்சலைப் பற்றிச் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். எங்கள் பக்கம் பூமி ஆடுவதில்லை. நன்றாக இருக்கிறாயா என்று என்னைக் கேட்க யாருக்கும் ஒரு காரணம் கிடைப்பதில்லை.