பரந்தாமன் சுமை பிரித்த கதை

பருத்திப்பட்டு பரந்தாமன் அம்பத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் உதவியாளர். எந்தத் துறை என்று சொல்லாமல் விட்டால் எல்லாத் துறையினரும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருமுறை கிழியாமல் உருவி எடுத்ததில், அவருக்குக் கம்ப்யூட்டர் தண்ணி பட்ட பாடு என்று அலுவலகத்தில் பெயர் வந்துவிட்டது.

அந்தப் பெயர்தான் வினையாயிற்று. மக்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் துறையின் இணையதளம், கூட்டம் சேர்ந்தால் படுத்துவிடும். அதற்கு மருந்தாக ‘லோட் பேலன்சர்’ என்றொரு மென்பொருளை வாங்கினார்கள். வருகிற கூட்டத்தை, தளத்தைத் தாங்கும் நான்கு சர்வர் கணினிகளுக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. பயிற்சி வேலப்பன்சாவடி ஓட்டல் ஒன்றில், மதியம் பஃபே என்றதும் பிரிவே திரண்டு போனது. கடைசி நாள், “யார் சார் இதை நிர்வகிக்கப் போறீங்க?” என்று பயிற்சியாளர் ரோஷினி கேட்டபோது எல்லோரும் ஐஸ்கிரீம் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டார்கள். நிமிர்ந்திருந்த தலை பரந்தாமனுடையது மட்டும்தான்.

ஆனால் அவர் உண்மையாகவே பாடம் கேட்டிருந்தார்.

“மேடம், ஒரு சர்வர் செத்துப்போச்சுன்னா இதுக்கு எப்படித் தெரியும்?”

“அடிக்கடி ஒவ்வொண்ணையும் ‘உயிரோட இருக்கியா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும் சார். பதில் வரலேன்னா அங்க யாரையும் அனுப்பாது.”

இத்தனை வருட சர்வீஸில் தன்னை யாரும் இப்படி விசாரித்ததில்லையே என்று பரந்தாமன் நெகிழ்ந்துபோனார். மறுவாரமே ‘நிர்வாகி’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் ஒரு எண்ணை மாற்றிப் போட்டு, அந்த ‘உயிரோட இருக்கியா’ விசாரணையையே நிறுத்தி, வந்த கூட்டத்தையெல்லாம் அணைந்து கிடந்த சர்வருக்கு அனுப்பிவைத்தார். ‘பராமரிப்புப் பணி’ என்று தளத்தில் அறிவிப்பு போட்டார்கள். வீட்டில் லேப்டாப்பும் கையுமாக முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, “இன்னாய்யா, பேய் கீய் அடிச்சிக்கீதா?” என்றாள் மனைவி கோமளா. இருந்தாலும் மெல்ல மெல்லப் பிடிபட்டது.

பிடிபட்ட நேரத்தில் இணை இயக்குநர் உத்தமன் கூப்பிட்டார்.

“ஒரு சர்வர் ஆபீசர்ஸுக்குத் தனியா இருக்கட்டும் பரந்தாமன். மேலிடத்துல கேக்கும்போது ரிப்போர்ட் சுத்திக்கிட்டு நிக்கக் கூடாது. இன்னொண்ணு அவசரத்துக்கு. அதைத் தொடவே தொடாதீங்க.”

மூன்றாவது இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பெட்டியைப் பிரிக்க அனுமதி கேட்ட கோப்பு சுற்றிக்கொண்டிருந்தது.

“அப்ப மிச்சம் ஒண்ணுதானே சார்? பிரிச்சு யாருக்கு அனுப்பறது?”

“அதுக்குத்தானே சாஃப்ட்வேர் வாங்கியிருக்கோம்? அது பாத்துக்கும்.”

விண்ணப்பிக்கக் கடைசி வாரத்தின் முதல் நாள் வந்தது. காலையிலேயே பாரிவாக்கத்தில் இ-சேவை மையம் நடத்தும் பச்சையப்பன் போனில் கத்தினார்.

“அண்ணாத்தே, இன்னா சைட்டு வெச்சிகினு கீற? தொறந்ததுலேர்ந்து சுத்திகினே கீது! வெளியே வெயில்ல ஜனம் நிக்குது. ஒரு அம்மா மயக்கம் போட்டு வுழுந்துச்சு. அடுத்து என்னைத்தான் அடிக்கப் போறாங்க!”

பரந்தாமன் திரையைப் பார்த்தார். ஒரு சர்வர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அவசரத்துக்கான சர்வர் அவசரமில்லாமல் தூங்கியது. அதிகாரிகள் சர்வரில் ஒரே ஒரு ஆள். உத்தமன்.

ஓடிப்போய் அனுமதி கேட்டார். துறைத் தளம் தடையின்றி ஓடுவது பற்றி அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்த உத்தமன், “மத்தியானத்துக்கு மேல பாக்கலாம்” என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். மயங்கி விழுந்த அந்த அம்மா மனசை விட்டுப் போகவில்லை. சட்டென்று இரண்டு சர்வர்களையும் பொதுமக்கள் பக்கம் சேர்த்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பச்சையப்பன் மறுபடி கூப்பிட்டார். “ஏறிக்கிச்சுபா! சும்மா சரசரன்னு போவுது!” பரந்தாமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலையில் மெமோ வந்தது: ‘உயர் அலுவலர்களுக்கான சர்வரில் பொதுமக்களை அனுமதித்தது ஏன்?’

“ஜனங்களுக்காக வாங்குனதுல ஜனம் ஏறுனா குத்தமா?” என்று கொதித்தாள் கோமளா. “அத்த அப்பிடியே எழுதிக் குடுத்துட்டு வாய்யா.”

பரந்தாமன் அப்படி எழுதவில்லை. ஓய்வூதியத்தை நினைத்துக்கொண்டு, ‘தவறுதலாக நேர்ந்தது, இனி நிகழாது’ என்று எழுதினார். சர்வரை உடனே தனியாக்கும்படி உத்தரவும் ஆயிற்று.

மறுநாள் ‘உயர் அலுவலர்கள்’ என்ற பெயரில் புதிதாக ஒரு முகவரி உருவாக்கினார். சர்வரைத் தனியாக்கவில்லை. அதைத் தட்டினாலும் போய்ச் சேருவது பாரிவாக்கத்து ஜனம் நிற்கும் அதே வரிசைக்குத்தான். உத்தமன் தட்டிப் பார்த்தார். பக்கம் பளிச்சென்று திறந்தது.

“பாத்தீங்களா? நமக்குன்னு தனியா இருந்தா அந்த ஸ்பீடே வேற!”

“ஆமா சார்” என்றார் பரந்தாமன். வெளியே வந்தவருக்கு நல்ல பசி. கேன்டீனில் சூடாகப் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள்.