குளவி பிடிக்கும் தீனா

எர்ணாவூர் சுனாமி மறுவாழ்வுக் குடியிருப்பில், கன்டெய்னர் லாரி ஓட்டும் தீனாவுக்குக் குளவி பிடிப்பவர் என்று பெயர். வெறுங்கையால் பிடித்து, எல்லோருக்கும் காட்டிவிட்டுப் பறக்க விடுவார். உண்மையில் குளவி என்றாலே அவருக்கு உதறல். பிடித்ததெல்லாம் அமாட்டா என்ற பேரினத்து அந்துப்பூச்சிகள். கறுப்பு இறக்கையில் கண்ணாடித் திட்டுகள், வயிற்றில் மஞ்சள் பட்டை. பார்க்கக் குளவிதான், கொடுக்கு மட்டும் கிடையாது. ஆய்வாளர்களே இதற்குத் தனிக் குடும்பம் கொடுத்து, பிறகு வேறொன்றுக்கு மாற்றி, இப்போது எரிபிடே குடும்பத்தில் குடியேற்றியிருக்கிறார்கள். மறுகுடியமர்வு எர்ணாவூருக்குப் புதிதல்ல.

ஒருநாள் எதிர்வீட்டு அம்மு, "நைனா, ஜன்னலாண்ட ஒண்ணு கீது, வந்து புடி" என்று இழுத்துப்போனார். மாடி மொத்தமும் வேடிக்கை பார்க்க வந்தது. ஜன்னலின் வெளிக்கம்பியில் உட்கார்ந்திருந்ததைத் தீனா உற்றுப் பார்த்தார். அமாட்டாவின் உடல் ஒரே தடிமனாக இருக்கும். இதற்கோ இடுப்பு நூலாக இருந்தது.

"இன்னா மாமு, பயமா?" என்றான் ஒருவன்.

கை நீட்டினால் கொட்டும். நீட்டாவிட்டால் பேர் போகும். தீனா உண்மையைச் சொன்னார்: "ஆமா, பயம்தான். இது நெஜக் குளவி. இத்தினி நாளா நான் புடிச்சது அந்துப்பூச்சி."

கூட்டம் பின்வாங்கியது. "தீனாவே பயப்பட்றாருன்னா, இது எப்பேர்ப்பட்ட குளவியோ!" என்று அம்மு ஜன்னலை அடித்துச் சாத்தினார். அந்துப்பூச்சி என்ற சொல் யார் காதிலும் ஏறவில்லை.